பழையசோறு ஏன் பீர் ஆவதில்லை?

இரவு மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடி வைக்கிறோம். விடிந்தால் பழையசோறு, நீராகாரம். அதே சோற்றில், அதே தண்ணீரில், கூடுதலாக ஒரே ஒரு பொருளைக் கலந்து இரண்டு நாள் விட்டுவைத்திருந்தால் அது போதை தரும் பானமாகிவிடும். அந்த ஒரு பொருள் எது, அது சோற்றுக்குள் என்ன செய்கிறது என்பதைத்தான் இந்த அத்தியாயத்தில் பார்க்கப்போகிறோம்.

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கும் ஸ்ரீரங்கத்தில் வருடத்தில் பாதி நாள் எதுவும் புளிக்காமல் இருப்பதுதான் அதிசயம். சித்திரை, வைகாசியில் இரவு ஒன்பது மணிக்குக் கரைத்த இட்லி மாவு விடியற்காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு வழியும். மதியம் உறை ஊற்றிய பால் மாலைக்குள் தயிராகிவிடும். இவ்வளவு நுண்ணுயிர்கள் இவ்வளவு வேகமாக வேலை செய்கிற அடுப்படியில் ஒரு பாத்திரத்தில்கூடச் சொல்லிக்கொள்ளும்படி ஆல்கஹால் சேர்வதில்லை. ஈஸ்ட் இல்லாமலா? காற்றில் இருக்கிறது, பழத்தோலில் இருக்கிறது, நம் கையிலேயே இருக்கிறது. இட்லி மாவிலும் இருக்கிறது. ஆனால் அதற்குத் தீனி கிடைப்பதில்லை.

ஈஸ்ட் தின்பது சர்க்கரையை. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறை உடைத்து இரண்டு ஆல்கஹால் மூலக்கூறும் இரண்டு கரியமில வாயு மூலக்கூறும் ஆக்கும். எடைக்கணக்கில் சொன்னால் 180 கிராம் குளுக்கோஸிலிருந்து அதிகபட்சம் 92 கிராம் ஆல்கஹாலும் 88 கிராம் வாயுவும் வரும். சோற்றில் குளுக்கோஸுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அத்தனையும் மாவுச்சத்தாக, ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று நெருக்கக் கட்டிய பூச்சரம்போல இருக்கிறது. ஈஸ்ட் செல்லின் சுவர் வழியாக உள்ளே போகக்கூடியவை ஒற்றைப் பூக்களும், இரண்டு மூன்று பூ சேர்ந்த துண்டுகளும்தான். சரத்தை அறுக்கும் கருவி சாதாரண ஈஸ்டிடம் கிடையாது. சோற்றுமலைக்கு நடுவில் அது பட்டினி கிடக்கிறது. உதிரியாகக் கிடைக்கும் கொஞ்சநஞ்சச் சர்க்கரையையும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் முந்திக்கொண்டு தின்று, தண்ணீரைப் புளிக்க வைத்துவிடுகின்றன. நமக்குக் கிடைப்பது நீராகாரம்.

இட்லி மாவைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மாவு பொங்குவதற்கு ஈஸ்ட்தான் காரணம் என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். லியூகோனோஸ்டாக் மெசன்டிராய்ட்ஸ் என்ற பாக்டீரியாவே முக்கியமான காரணம் என்பதை, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஸ்டெய்ன்க்ராஸும் அவருடைய சகாக்களும் 1965-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. இந்தப் பாக்டீரியா புளிப்பையும் வாயுவையும் தருகிறது, கூடவே துளி ஆல்கஹாலையும் தருகிறது. அந்தத் துளியும் இட்லிப் பானையின் ஆவியோடு போய்விடுகிறது.

மாவுச்சத்தை அறுக்கவேண்டிய சிக்கலே இல்லாத பொருள்களும் நம் ஊரில் உண்டு. பனையிலும் தென்னையிலும் சொட்டும் பாளைச்சாற்றில் இருப்பது நேரடியான சர்க்கரை. ஈஸ்டும் பாக்டீரியாவும் கலயத்திலேயே குடியேறி, மரத்தை விட்டு இறங்குவதற்குள் வேலையைத் தொடங்கிவிடுகின்றன. அவற்றை நிறுத்தத்தான் பதநீர்க் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுகிறார்கள். வாழைப்பழம் இன்னும் சுவையான உதாரணம். திருச்சி காந்தி மார்க்கெட்டில் காயாக வந்து இறங்கும் தாரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மாவுச்சத்து. பழுத்து முடிவதற்குள் அது பெரும்பாலும் சர்க்கரையாக மாறியிருக்கும். சரத்தை அறுக்கும் நொதியைக் காயே தன்னுள் உண்டாக்கிக்கொள்கிறது. உகாண்டாவிலும் ருவாண்டாவிலும் வாழைப்பழச் சாற்றில் சோள மாவு கலந்து பீர் செய்வது பழைய வழக்கம்.

தானியத்தின் கதை வேறு. நெல்லும் பார்லியும் மாவுச்சத்தைச் சேமித்து வைத்திருப்பது நமக்காக அல்ல, ஈஸ்டுக்காகவும் அல்ல. உள்ளே உறங்கும் கரு முளைத்து, முதல் இலை வெயிலைப் பார்க்கும்வரை சாப்பிடுவதற்காக. அதுவரை அதைப் பத்திரமாகப் பூட்டி வைத்திருக்கும். தண்ணீர் பட்டதும் கரு ஜிப்பரெல்லின் என்ற ஹார்மோனை அனுப்புகிறது. அந்தச் செய்தி கிடைத்ததும் விதையின் மேலுறையை ஒட்டியிருக்கும் மெல்லிய செல்லடுக்கு ஆல்ஃபா அமைலேஸ் என்ற நொதியைச் சுரக்கிறது. அது மாவுச்சத்துக்குள் இறங்கி, சரத்தைக் கண்ட இடத்தில் அறுக்கிறது. டெல்டா விவசாயி விதைநெல்லை ஊறவைத்து, சாக்கில் கட்டி மூட்டம் போட்டு, முளை மூக்கு வெள்ளையாக எட்டிப்பார்க்கும்போது நாற்றங்காலில் தெளிக்கிறாரே, அந்த நேரத்தில் ஒரு நெல்லை வாயில் போட்டு மென்றால் மெல்லிய இனிப்பு தெரியும்.

பீருக்கும் இதுதான் ஆதாரம். பார்லியை முளைக்கவிட்டு, நொதி நிறையச் சுரந்ததும் அனல்காற்றில் உலர்த்தி முளைப்பை நிறுத்திவிடுவார்கள். அதுதான் மால்ட். 1833-இல் பாரிஸில் பாயென், பெர்சோ என்ற இரு வேதியியலாளர்கள் மால்ட்டிலிருந்து இந்த நொதியைப் பிரித்தெடுத்தார்கள். மனிதர் தனியாகப் பிரித்து அறிந்த முதல் நொதி அதுவே. நொதியியல் என்ற துறையே முளைகட்டிய தானியத்திலிருந்து தொடங்கியது என்று சொல்வதில் மிகையில்லை.

இந்த மால்ட்டின் சாற்றை டின்னில் அடைத்து, வீட்டில் பீர் செய்யும் கிட் என்ற பெட்டியாகவும் விற்கிறார்கள். அதைத் திருச்சிக் கடைகளில் பார்க்க முடியாது. தமிழ்நாட்டு மதுவிலக்குச் சட்டம் 1937-இல் வந்தது. ராஜாஜி அமைச்சரவை அதை முதலில் சேலம் மாவட்டத்தில் நடைமுறைப்படுத்தியது. நடுவில் தளர்ந்தும் இறுகியும் எத்தனையோ மாற்றங்கள் வந்துவிட்டன. இன்று அரசே கடை நடத்துகிறது. ஆனால் வீட்டில் மது தயாரிப்பது அன்றும் இன்றும் குற்றம், அந்த நோக்கத்தோடு பாத்திரமும் பொருளும் வைத்திருப்பதும் குற்றம். பிரிட்டனில் வீட்டுப் பீருக்கு உரிமம் வேண்டும் என்ற விதி 1963-இல் போனது. அமெரிக்காவில் 1978-இல் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் வழிவிட்டது. திருச்சியிலிருந்து நாள்தோறும் விமானம் போகிற சிங்கப்பூரில் 2004 முதல் ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை, சொந்த உபயோகத்துக்காக, விற்பனை இல்லாமல் செய்துகொள்ளலாம்.

அங்கே ஓர் அடுக்குமாடி வீட்டில்தான் பீர் செய்வதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஸ்ரீரங்கத்தில் பிறந்து வளர்ந்த என் சித்தப்பா மகன், வருடத்துக்கு இரண்டு மூன்று முறை, நீண்ட விடுமுறை வந்தால் பெட்டியைப் பிரிப்பான். உள்ளே 1.7 கிலோ டின் ஒன்று. மூடியைத் திறந்தால் கருப்பட்டிப் பாகின் நிறத்தில் கெட்டியான சாறு. கரண்டியில் எடுத்தால் நூலாக இறங்குகிறது. முகர்ந்தால் வறுத்த தானிய வாசம், நாக்கில் வைத்தால் முதலில் இனிப்பு, பின்னால் கசப்பு. டின்னின் மூடிக்கடியில் 7 கிராம் உலர் ஈஸ்ட் பொட்டலம்.

இந்த டின்னைப் பார்த்தபோது எனக்குப் புரிந்தது, கடினமான வேலை முழுவதும் ஏற்கெனவே முடிந்துவிட்டது என்பதுதான். பார்லியை முளைக்கவிட்டது, 65 டிகிரி சூட்டில் ஊறவைத்து மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கியது, வடிகட்டியது, ஹாப்ஸ் பூவைப் போட்டுக் கொதிக்கவைத்தது, தண்ணீரைச் சுண்டவைத்தது எல்லாம் எங்கோ ஒரு ஆலையில் நடந்துவிட்டது. வீட்டில் செய்வது அதைச் சுடுநீரில் கரைத்து, ஒரு கிலோ சர்க்கரை சேர்த்து, 23 லிட்டருக்குத் தண்ணீர் நிரப்பி, சூடு இறங்கியதும் ஈஸ்டைத் தூவுவது. அரை மணி நேர வேலை.

ஆனால் அந்த அரை மணிக்கு முன் அவன் ஒன்றரை மணி நேரம் கழுவினான். வாளி, மூடி, குழாய், துடுப்பு, கத்தரிக்கோல், பொட்டலத்தின் வெளிப்பக்கம்கூட. எல்லாவற்றின் மேலும் கிருமிநீக்கித் திரவத்தைத் தெளித்தான். நான் மூடியை லேசாகத் தூக்கி எட்டிப்பார்க்கப் போனேன்.

"அண்ணா, தொறக்காதீங்க! நீங்க இட்லிக்குக் கைவிட்டுக் கரைப்பீங்கல்ல, அந்தக் கை இதுக்கு ஆகாது."

அவன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. இட்லி மாவைக் கையால் கரைத்தால்தான் நன்றாகப் பொங்கும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். அங்கே யார் வந்தாலும் வரவேற்பு. இங்கே அழைக்கப்பட்ட ஒரே ஓர் ஈஸ்ட் இனத்தைத் தவிர எவருக்கும் இடமில்லை. பழையசோற்றைச் சோறாக வைத்திருக்கும் அதே லாக்டிக் பாக்டீரியா பீரில் புகுந்தால், குடிக்க முடியாத புளிச்ச தண்ணீர்தான் மிஞ்சும்.

ஹாப்ஸின் கசப்பு வேண்டியிருப்பதும் இதனால்தான். அந்தப் பூவின் பிசினில் இருக்கும் அமிலங்கள் கொதிக்கும்போது உருமாறி, லாக்டிக் பாக்டீரியாக்களின் செல்சவ்வைக் குலைத்து அவற்றை வளரவிடாமல் செய்கின்றன. ஈஸ்டை அவை ஒன்றும் செய்வதில்லை. இந்தியாவில் ஹாப்ஸ் விளைவது இமயமலைச் சரிவில், இமாசலத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில். நீண்ட கோடைப் பகல் வேண்டும் கொடி அது. காவிரிக்கரையில் நட்டால் ஒழுங்காகப் பூக்காது.

ஈஸ்ட் தூவிய மறுநாள் மூடியின் மேலிருந்த நீர்ப்பூட்டு குமிழ்விடத் தொடங்கியது. உள்ளிருந்து வாயு வெளியேறலாம், வெளிக்காற்று உள்ளே வரக்கூடாது. அதற்குத்தான் அந்த வளைந்த குழாயில் கொஞ்சம் தண்ணீர். நம் ஆள் ஒரு கண்ணாடி மிதவையை மாதிரித் திரவத்தில் விட்டு அடர்த்தியைக் குறித்துக்கொண்டான். தண்ணீரின் அடர்த்தி 1.000 என்றால் முதல் நாள் 1.040. சர்க்கரை ஆல்கஹாலாக ஆக, அது கனம் குறைந்து 1.010-க்கு வந்து நிற்கும். இடைவெளியை 131-ஆல் பெருக்கினால் ஆல்கஹாலின் சதவீதம் ஏறக்குறைய கிடைத்துவிடும்: சுமார் 4. எண் அடுத்தடுத்த நாள்களில் அசையாமல் நின்றால்தான் பாட்டிலில் அடைக்கலாம். லிட்டருக்கு 8 கிராம் அளவில் சர்க்கரை சேர்த்து மூடுவார்கள். மிச்சமிருக்கும் ஈஸ்ட் அதைத் தின்று, நுரைக்கான வாயுவைப் பாட்டிலுக்குள்ளேயே தரும். அவசரப்பட்டு முன்னதாக அடைத்தால் வாயு மிகுந்து பாட்டில் வெடிக்கும். கண்ணாடிச் சில்லுகள் சுவரில் தைத்த சம்பவங்கள் உலகெங்கும் நடந்திருக்கின்றன.

அந்த வாளி பழைய குளிர்சாதனப் பெட்டிக்குள், 20 டிகிரிக்கு வைத்த வெப்பக் கட்டுப்பாட்டில் இருந்தது. சிங்கப்பூரின் 30 டிகிரியில் வெளியே வைத்தால் என்ன? ஈஸ்ட் சாகாது. இன்னும் வேகமாகத்தான் வேலை செய்யும். அந்த வேகத்தில் எத்தனாலோடு கனமான வேறு ஆல்கஹால்களையும் அதிகமாக உண்டாக்கும். வாயில் தின்னர் வாடை. மே மாதத்தில் 38, 39 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தொடும் திருச்சியில் நிலைமை இன்னும் மோசம்.

ஆங்கிலேயர் காலத்துப் பீர் ஆலைகள் எங்கே எழுந்தன என்று பாருங்கள். வடக்கே 1850-களில் கசௌலி மலை. தெற்கே அதே காலத்தில் நீலகிரி. அங்கிருந்த காசில் ஆலை 1857-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 1915-இல் தாமஸ் லீஷ்மன் ஐந்து ஆலைகளை ஒன்றாக்கி யுனைடெட் புரூவரீஸை உருவாக்கியபோது அதுவும் அதில் சேர்ந்தது. மலையேறியது குளிருக்காக. ஜெர்மனியில் கார்ல் ஃபான் லிண்டே 1870-களில் குளிர்விக்கும் இயந்திரத்தைச் செய்து முடிக்க ஊக்கமும் பணமும் தந்தவர்கள் மியூனிக் பீர் ஆலைக்காரர்கள். நம் வீட்டு ஃபிரிட்ஜின் வம்சாவளியைத் தேடிப் போனால் பீர் ஆலையின் நிலவறைக்குப் போய்ச் சேரலாம்.

சூட்டை விரும்பும் ஈஸ்டும் இருக்கிறது. நார்வேயின் மேற்குப் பண்ணைகளில் தலைமுறை தலைமுறையாக உலர்த்திக் காப்பாற்றி வந்த க்வைக் என்ற ஈஸ்ட், 30 முதல் 40 டிகிரி வரை கெட்ட வாடையில்லாமல் நொதிக்கிறது. அவ்வளவு குளிரான ஊரில் எப்படி? அந்த விவசாயிகள் சாறு முழுதாக ஆறும் முன்பே, வெதுவெதுப்பிலேயே ஈஸ்டைப் போட்டுப் பழகினார்கள். நூற்றாண்டுகளாக அந்தச் சூட்டைத் தாங்கியவை மட்டும் அடுத்த ஈட்டுக்குப் போயின. தேர்வு செய்தது குளிர்காலம் அல்ல, பாத்திரம்.

இப்போது ஆரம்பக் கேள்விக்குத் திரும்பலாம். சோற்றை இனிப்பாக்கும் அந்த ஒரு பொருளை நம் ஊரில் யாரும் கண்டுபிடிக்கவில்லையா? கண்டுபிடித்தார்கள். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் குடியிருப்பைச் சொல்லும் இடத்தில் முழுச் செய்முறையே இருக்கிறது. இதே புலவர்தான் பட்டினப்பாலையில் கரிகாலனைப் பாடியவர். கரிகாலன் பெருக்கிய உறையூர் இன்று திருச்சி மாநகராட்சிக்குள் இருக்கிறது.

செய்முறை இது. தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவிக் காய்ச்சவேண்டும். வாய் அகன்ற தட்டுப் பாத்திரத்தில் விட்டு ஆற்றவேண்டும். அதில் நல்ல அடையைக் கலக்கவேண்டும். இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிந்தபின், வலுவான வாயுள்ள சாடியில் முற்ற விளைந்ததை விரலால் அலைத்துப் பிழியவேண்டும். வழிவந்த பாணருக்கு வலைஞர் அதைச் சுட்ட மீனோடு தருகிறார்கள்.

இதில் ஒவ்வொரு படியும் இன்றைய உயிர்வேதியியல் பாடத்தோடு பொருந்துவதை நான் எத்தனை முறை படித்தாலும் வியக்கிறேன். பார்லியின் மாவுச்சத்து 60 டிகிரிக்கு அருகிலேயே இளகி நொதிக்கு இடம்கொடுக்கும். அரிசிக்கு அதைவிடக் கூடுதல் சூடு வேண்டும், ஆகவே முதலில் வேகவைத்தே ஆகவேண்டும். ஆனால் கொதிக்கும் களியில் நொதியைச் சேர்த்தால் அது வெந்து செயலிழந்துவிடும், ஆகவே ஆற்றவேண்டும். அகன்ற பாத்திரம் அதற்கு. இரண்டு நாள் போதும் என்பதும் சரியே. ஐரோப்பியக் குளிரில் ஒரு வாரம் எடுப்பது நம் கடற்கரைச் சூட்டில் 48 மணி நேரத்தில் முடியும். ஹாப்ஸ் கிடையாது, ஆகவே வைத்துக் குடிக்க முடியாது. விளைந்த கையோடு பிழிந்து பரிமாறிவிடுகிறார்கள்.

அந்த அடை எது? முளைத்த நெல்லை இடித்துச் செய்தது என்கிறது உரைமரபு. அப்படியானால் அது மால்ட்டேதான், பார்லிக்குப் பதில் நெல். புலவரோ அடையின் தோற்றத்தைக் கறையான் புற்றுக்குள் இருக்கும் குரும்பிக்கு ஒப்பிட்டு, பூத்த புறம் உடையது என்கிறார். புற்றை வெட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், குரும்பி என்பது கறையான் பூஞ்சை வளர்க்கும் தோட்டம். துளைதுளையாக, வெள்ளைப் பொட்டுகளோடு இருக்கும். முளைமாவைத் தட்டி ஈரத்தோடு சில நாள் வைத்தால் அதன்மேலும் பூஞ்சை பூக்கும். பூஞ்சைகளும் அமைலேஸ் சுரக்கும். ஜப்பானியர் சாக்கே செய்ய அரிசிமேல் வளர்க்கும் கோஜி அதுதான். டார்ஜிலிங், சிக்கிம் மலைகளில் விற்கும் மார்ச்சா வில்லைகளும், ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும் சந்தால் மக்கள் ஹடியா செய்யப் பயன்படுத்தும் ரானு உருண்டைகளும் பூஞ்சையும் ஈஸ்டும் சேர்ந்த அடைகளே. புலவர் பார்த்த அடை முளையும் பூஞ்சையும் சேர்ந்ததாக இருந்திருக்கவேண்டும் என்பது என் கருத்து. அந்த உவமையை வெறும் அலங்காரம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. பாத்திரத்துக்குள் குனிந்து பார்த்த ஒருவரின் வரி அது.

அரியல் என்று புலவர் சொன்ன அந்தச் சோற்று மது போய்விட்டது. ஆனால் அதே நொதி நம் அடுப்படியில் இன்னும் வேலை செய்கிறது, குழந்தைக்குக் கொடுக்கும் முளைகட்டிய கேழ்வரகுக் கூழில். கெட்டியான கஞ்சியைச் சின்னக் குழந்தையால் விழுங்க முடியாது. தண்ணீர் விட்டு இளக்கினால் சத்து குறையும். 1980-களில் பரோடா மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் தாரா கோபால்தாஸும் அவருடைய குழுவினரும், சிட்டிகையளவு முளைத்தானிய மாவு கெட்டிக் கஞ்சியைத் தண்ணீர் சேர்க்காமலே இளக்கிவிடும் என்பதைக் காட்டி, குழந்தை உணவுக்கு அதைப் பரிந்துரைத்தார்கள்.

இதை நீங்களே செய்து பார்க்கலாம், சட்டத்துக்கும் உட்பட்டது. ஒரு டம்ளர் அரிசிக் கஞ்சியைக் கரண்டி நிற்கும் அளவுக்குக் கெட்டியாகக் காய்ச்சுங்கள். விரல் பொறுக்காத ஆனால் ஆவி அடங்கிய சூட்டுக்கு, 60 டிகிரி அளவுக்கு, ஆறவிடுங்கள். இரண்டு கிண்ணங்களாகப் பிரியுங்கள். ஒன்றில் மட்டும் ஒரு தேக்கரண்டி முளைகட்டி உலர்த்தி அரைத்த கேழ்வரகு மாவைக் கலந்து கிளறுங்கள். மாவை வெயிலில் உலர்த்தியிருக்கவேண்டும், கருக வறுத்திருந்தால் நொதி போயிருக்கும். பத்து நிமிடத்தில் அந்தக் கிண்ணம் மோர்போல ஓடும். மற்றது அப்படியே நிற்கும். கிண்ணத்தைச் சூடு ஆறாமல் சுடுநீரில் வைத்து ஒரு மணி நேரம் காத்திருந்தால் இனிப்பும் தெரியும்.

மருந்துக்கடையில் வாங்கிய அயோடின் டிஞ்சர் இருந்தால், இரண்டிலிருந்தும் ஒவ்வொரு சொட்டை வெள்ளைத் தட்டில் வைத்து, அதன்மேல் அயோடினை விட்டுப் பாருங்கள். முழுச் சரமாக இருக்கும் மாவுச்சத்து அயோடினைத் தன் சுருளுக்குள் பிடித்துக் கருநீலமாகும். அறுபட அறுபட அந்த நிறம் ஊதா, செம்பழுப்பு என்று மங்கிக்கொண்டே போகும். பீர் ஆலைகளில் ஊறல் தயாரா என்று பார்ப்பதும் இதே சோதனையால்தான். சொட்டு வைத்த தட்டை நன்றாகக் கழுவிவிடுங்கள், அயோடின் பட்டதை யாரும் வாயில் வைக்கக்கூடாது. மீதிக் கஞ்சியை ஒரு கொதி விட்டு, நொதியை நிறுத்தி, அன்றைக்கே குடித்துவிடலாம். மறுநாளைக்கு மூடி வைக்கவேண்டாம். அதில் இப்போது ஈஸ்டுக்கு வேண்டிய சர்க்கரை இருக்கிறது.